மணந்து பார்த்த இரண்டு நாள்

முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கழுத்தை நான் ஒருமுறை குனிந்து மணந்து பார்த்திருக்கிறேன். அவருக்கு எண்பத்தொன்பது வயது. பாதி நித்திரையில் இருந்தார். நானோ முழு விழிப்பில், வெள்ளை மேலங்கி போட்டு, பைக்குள் குறிப்புப் புத்தகம் வைத்துக்கொண்டு, மிகுந்த பொறுப்புணர்வோடு அதைச் செய்தேன். நான்கு வருடமாக எங்கள் வீட்டில் ஓடுகிற பகிடி இது. சொல்லிச் சொல்லி அதற்கு வாலும் கொம்பும் முளைத்துவிட்டன. இப்போது நான் அந்த மனிதருக்கு முத்தம் கொடுத்ததாகக்கூட ஒரு பதிப்பு உலாவுகிறது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

எனக்குப் படிப்பு ஒன்பதாம் வகுப்பின் பாதி வரைக்கும். அதுவும் மூன்று பள்ளிக்கூடங்களில். கடைசிப் பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து தங்கினார்கள். கொஞ்ச நாளில் நாங்களும் அகதிகளாகி இன்னொரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். (பள்ளிக்கூடத்துக்குள் இருந்த நாட்களை எண்ணினால் நான் பட்டதாரி. படுத்திருந்த நாட்களையும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.) பிறகு வன்னி, திருச்சிப் பக்கம் ஒரு முகாம், பெயரை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத இரண்டு நாடுகள், கடைசியில் சுவிஸ். இங்கே வந்தும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இன்டர்லாக்கனில் ஹோட்டல் அறைத் துப்புரவு, அங்கேயே சலவை அறை, ஸ்ட்ரோபெரித் தோட்டம், சலாட் இலையைப் பைக்குள் அடைக்கும் தொழிற்சாலை என்று பன்னிரண்டு வருடத்தில் பதினொரு வேலை. பிடிக்காத வேலையை மூன்று மாதத்தில் விடுவேன். பிடித்த வேலையென்றால் ஒரு வருடம் இருந்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவேன்.

முப்பத்தெட்டாவது வயதில் ஒருநாள் அலுமாரியை ஒதுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். என் பெயர் அச்சடித்த காகிதம் என்று வீட்டில் இரண்டுதான் இருந்தன. ஒன்று வதிவிட அனுமதி, மற்றது பஸ் பாஸ். இரண்டும் காலாவதியாகிறவை. காலாவதியாகாத ஒரு காகிதமாவது எடுத்துவிட்டுத்தான் ஓய்வது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

தாதி வேலையைத் தெரிந்தெடுத்ததில் பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை. முகாம்களில் காய்ச்சல்காரருக்குப் பக்கத்தில் இருந்து பழக்கம். அருவருப்புக் கிடையாது. ஆள் தேவை என்று எல்லா இடத்திலும் போட்டிருந்தார்கள். இங்கே இந்தப் படிப்புக்கு முதலில் ஒரு வயோதிபர் இல்லமோ ஆஸ்பத்திரியோ நம்மைப் பயிலுநராக எடுக்க வேண்டும். கிழமையில் ஒன்றிரண்டு நாள் வகுப்பு, மிச்ச நாள் வேலை. ஒன்பது இடத்துக்கு எழுதினேன். ஏழு இடம் மிக மரியாதையாக மறுத்தது. மிஞ்சியது இரண்டு. ஒன்று நாங்கள் இருக்கிற ஷாஃப்ஹவுசனிலேயே, றைன் ஆற்றுக்கு மேலே மேட்டில் ஒரு வயோதிபர் இல்லம். இரண்டு வருடம், உதவியாளர் சான்றிதழ். மற்றது அட்லிஸ்வில்லில் பெரிய இல்லம். மூன்று வருடம், அதைவிடப் பெரிய சான்றிதழ். இரண்டு கடிதத்திலும் ஒரே சொல் இருந்தது. உங்களை எடுப்பதா என்று முடிவுசெய்ய முன்னர் இரண்டு நாள் 'ஷ்னுப்பர்ன்' செய்ய வாருங்கள்.

இந்த நாட்டில் பதினான்கு வயதுப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் அந்தச் சொல் தெரியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தொலைபேசி அகராதியில் தட்டிப் பார்த்தேன். 'முகர்தல், மோப்பம் பிடித்தல்' என்றது.

"இஞ்சேருங்கோ, ஷ்னுப்பர்ன் எண்டால் என்ன?"

இவர் (என் கணவர், அன்றைக்கும் இன்றைக்கும் உணவகச் சமையலறையில் வேலை) வெங்காயம் உரித்துக்கொண்டு, யோசிக்காமலே சொன்னார்: "மணந்து பாக்கிறது. எங்கட ஷெஃப் சூப்புக் கரண்டியை என்ர மூக்குக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு அதைத்தான் சொல்லுறவர்."

"என்னை ரெண்டு நாளைக்கு மணந்து பாக்க வரட்டாம்."

"எதை?"

"அது எழுதேல்லை."

இவர் கையைத் துடைத்துவிட்டு வந்து கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "வயசுபோன ஆக்களின்ர இடம். எல்லா மணமும் இருக்கும். தாங்குவீரோ, ரெண்டாம் நாள் ஓடிப்போவீரோ எண்டு சோதிக்கினம். புத்தியான ஆக்கள்."

"மணந்துபோட்டு என்ன செய்யிறது?"

"என்ன மணம் எண்டு சொல்ல வேணும். ஷெஃப் அப்பிடித்தான் கேப்பார்."

இவ்வளவு தெளிவான விளக்கத்துக்குப் பிறகும் சந்தேகப்படுகிறவள் முட்டாள். நான் சந்தேகப்படவில்லை.

ஒரு கிழமை இருந்தது. பயிற்சி எடுத்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு பெருங்காயம், கருவாடு, குளியலறைக் குழாய், இவருடைய சமையலறைச் சப்பாத்து எல்லாவற்றையும் மணந்து பெயர் சொன்னேன். சப்பாத்தில் இடது எது வலது எது என்று சொல்லுமளவுக்குத் தேறினேன். மூக்கு துப்புரவாக இருக்க வேண்டும் என்பதற்காக வீட்டில் பொரியல், தாளிதம், சாம்பிராணி எல்லாம் நிறுத்தினேன். தலைக்கு எண்ணெய் இல்லை. மூன்று நாள் பாணும் பட்டரும் தின்ற இவர் நாலாம் நாள் தட்டைப் பார்த்துச் சொன்னார்: "நான் உம்மை மணந்து பாத்ததோட நிப்பாட்டியிருக்க வேணும்."

போவதற்கு முதல்நாள் லேசாகத் தடிமன் பிடித்தது. விட்டேனா? கொதிநீர்ச் சட்டியோடு போர்வைக்குள் புகுந்து வேது பிடித்தேன். விடியும்போது மூக்கு கத்தி மாதிரி இருந்தது.

இல்லத்தில் மார்ட்டினா என்ற இளம் தாதியோடு என்னை விட்டார்கள். மெல்லிய குரல், வேகமான நடை. "நாங்கள் செய்யிறதைப் பாருங்கோ, கேள்வி இருந்தால் கேளுங்கோ" என்றாள். (எல்லாரும் பேசியது சுவிஸ் ஜெர்மன். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.) எனக்குக் கேள்வி எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று நீளமாக மூச்சு இழுத்தேன். மார்ட்டினா திரும்பிப் பார்த்து ஒரு கடதாசிக் கைக்குட்டை தந்தாள். அடுத்த அறையிலும் இழுத்தேன். இன்னொன்று தந்தாள். மத்தியானத்துக்கு முன் என் பைக்குள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. எவ்வளவு அன்பான பிள்ளை என்று நினைத்தேன். இடையிடையே கழிவறைக்குள் போய்க் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்.

இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஹெர் நெஃப் என்ற பெரியவர் சாய்கதிரையில் கண்ணயர்ந்திருந்தார். அவரிடம் இரண்டு மணம் கலந்து வந்தது. ஒன்று சவரத் தைலம். மற்றது பிடிபடவில்லை. சோதனை முடிய மூன்று மணித்தியாலம்தான் இருந்தது. ஒரு மணத்துக்குப் பெயர் தெரியாமல் தோற்க நான் தயாரில்லை. குனிந்தேன். கழுத்தோரம் மூக்கைக் கொண்டுபோய் நன்றாக இழுத்தேன். றம் சாராயம்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை," என்றார். "ஆனால் என்ர மனிசி மூண்டாம் அறையில இருக்கிறா."

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் மார்ட்டினா நின்றாள். கையில் இந்தத் தடவை முழுப் பெட்டி.

நாலு மணிக்குப் பராமரிப்புப் பொறுப்பாளரான ஃப்ரௌ எகர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயது, கட்டையாக வெட்டிய நரைமயிர், சிரிப்புக் குறைவு. "நல்லா ஷ்னுப்பர்ன் செய்தீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்று சொல்லி, முதல்நாள் மாலையே சமையல் மேசையில் இருந்து அகராதியோடு மல்லுக்கட்டி எழுதத் தொடங்கி, அன்று மத்தியானம் முடித்த இரண்டு பக்கத்தைப் பெருமையோடு நீட்டினேன். அவர் வாசித்தார். நினைவிலிருந்து கொஞ்சம் தருகிறேன்:

அறை 3: சவர்க்காரம். நல்லது.
அறை 5: சிறுநீர். மெத்தையில், யன்னல் பக்கம்.
அறை 8: வலது கால், அழுகல். சீஸ் இல்லை. சீஸ் தனியாக இருக்கிறது, மேசை லாச்சிக்குள், பழையது.
ஹெர் நெஃப்: சவரத் தைலம், றம்.
மார்ட்டினா: வனிலா.
அலுவலகம்: சிகரெட். அதற்கு மேலே பெப்பர்மின்ட்.

ஃப்ரௌ எகர் கடைசி வரியை வாசித்துவிட்டு நிமிரவில்லை. திரும்பவும் மேலேயிருந்து வாசித்தார். பிறகு, மிகவும் மெதுவாக, ஷ்னுப்பர்ன் என்றால் மணப்பது என்பது சரிதான், ஆனால் இங்கே வேலை விஷயத்தில் அது வெறும் பேச்சுவழக்கு, ஒரு தொழிலைக் கிட்டநின்று பார்த்துப் பழகிப் பார்ப்பது என்றுதான் அர்த்தம் என்று விளங்கப்படுத்தினார். "மூக்கு தேவையில்லை" என்றார். பிறகு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஒரு ரெலிஃபோன் எடுக்க வேணும்" என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து விம்முகிற சத்தம் கேட்டது.

சிகரெட்டைப் பற்றி எழுதி ஒரு பெண்ணை அழவைத்துவிட்டேன் என்று நினைத்தேன். மேலங்கியை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினேன். பதின்மூன்று நிமிடப் பயணம். ஒன்பதாம் வகுப்பின் மிச்சப் பாதியைப் படித்திருந்தால் இது நடந்திருக்காது என்று ஒவ்வொரு தரிப்பிலும் நினைத்தேன். அழவில்லை. அழுதால் மூக்கு அடைக்கும் என்று ஒரு கிழமைப் பழக்கம்.

வீட்டில் இவர் ஆவலோடு நின்றார். "பாஸோ?"

"உங்கட ஷெஃப்புக்குச் சொல்லுங்கோ, அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தமும் இருக்காம்."

முழுவதையும் கேட்டுவிட்டு இவர் சிரிக்கவில்லை. (சிரிப்பு ஒரு கிழமை கழித்துத்தான் தொடங்கியது. இன்னும் முடியவில்லை.) "சரி, மற்ற இடம் இருக்குத்தானே" என்றார். "அங்க மூக்கைக் கொண்டுபோகாதையும்."

கொண்டுபோகவில்லை. அடுத்த கிழமை ரயில் மாறி அட்லிஸ்வில்லுக்குப் போனேன். இரண்டு நாளும் வாயால் மூச்சுவிட்டேன். கேட்டதற்குப் பதில், காட்டியதற்குத் தலையாட்டல், கையைக் கட்டிக்கொண்டு சுவர் மாதிரி நின்றேன். இரண்டாம் நாள் முடிவிலேயே, அமைதியான ஆள், உங்களை எடுக்கிறோம் என்றார்கள். வாழ்க்கையில் என்னை அமைதியான ஆள் என்று சொன்னவர்கள் அவர்கள் மட்டும்தான்.

மறுநாள் காலையில் ஃப்ரௌ எகர் தொலைபேசியில் அழைத்தார். முதலில் மன்னிப்புக் கேட்டார். பக்கத்து அறையில் தான் அழவில்லை என்றும், சிரித்ததை எனக்குக் காட்டக்கூடாது என்று கதவைச் சாத்தியதாகவும், திரும்பி வந்தபோது மேலங்கி மட்டும் இருந்ததாகவும் சொன்னார். பிறகு குரல் மாறியது.

"எட்டாம் அறை அம்மா காலுறையைக் கழட்ட விடுறதில்லை. அண்டைக்கு ஒருமாதிரிச் சமாளிச்சுக் கழட்டிப் பாத்தம். பெருவிரலில புண். டொக்டர் வந்து மருந்து கட்டியிருக்கிறார். நீங்கள் எழுதினது சரி." தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "சீஸும் இருந்தது. உங்களுக்கு விருப்பமெண்டால் ஆவணியில தொடங்கலாம்."

இப்போது கையில் இரண்டு இடம். பன்னிரண்டு வருடமாக ஒன்றுக்கே அலைந்தவளுக்கு இரண்டு கிடைத்தால் எப்படி இருக்கும்? நித்திரை வராது, அவ்வளவுதான்.

இவர் அட்லிஸ்வில் பக்கம். "மூண்டு வருசம் எண்டாலும் பெரிய பேப்பர். முருகன் கோயிலும் அங்கைதான். வேலை முடிய ஒரு அர்ச்சனை செய்துபோட்டு வரலாம்."

"போக ஒண்டரை மணித்தியாலம், வர ஒண்டரை. முருகனே மயிலை வித்துப்போடுவார்."

"இஞ்ச எல்லாருக்கும் உம்மைத் தெரிஞ்சுபோச்சே. ஒவ்வொரு நாளும் அந்த ஹெர் நெஃப்பின்ர முகத்தில முழிக்க வேணும்."

அதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன், மற்றப் பக்கத்திலிருந்து. அட்லிஸ்வில்காரர் எடுத்தது ஒரு சுவரை. மூன்று வருடம் சுவராக நிற்க என்னால் முடியாது. மூன்றாம் மாதம் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கியிருப்பேன். மேட்டு இல்லத்தில் நான் படவேண்டிய வெட்கமெல்லாம் பட்டு முடித்தாயிற்று. அங்கே எனக்கு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. பெரிய காகிதத்துக்குச் சின்னக் காகிதத்தின் வழியாகவும் போகலாம்.

அட்லிஸ்வில்லுக்கு நானே தொலைபேசி எடுத்து, நன்றி, வரமாட்டேன் என்றேன். என்னை வேண்டாம் என்று சொன்னவர்கள் மூன்று நாட்டில் இருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. (ருசியாகத்தான் இருந்தது.)

ஆவணியில் போய் நின்றபோது ஹெர் நெஃப் கழுத்துப் பொத்தானை மேலே வரை பூட்டியிருந்தார். மூன்றாம் அறை அம்மா என்னைக் கூப்பிட்டு, "அவரில என்ன மணம் எண்டு எனக்கும் சொல்லும்" என்றார். சொல்லவில்லை. தொழில் இரகசியம். மார்ட்டினா இன்றைக்கும் குளிர்பெட்டியில் சந்தேகமான பால் இருந்தால் மேல்மாடியிலிருந்து என்னைத்தான் கூப்பிடுகிறாள். என் இரண்டு பக்கம் பணியாளர் அறை அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. போன வருடம் ஃப்ரௌ எகர் சிகரெட்டை விட்ட அன்று, கடைசி வரியைத் தானே சிவப்புப் பேனாவால் வெட்டினார்.

இரண்டு வருடம் முடிந்து சான்றிதழைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தேன். உறையைப் பிரிக்காமல் மூக்கில் வைத்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"பாஸ்" என்றார்.

அந்தக் காகிதம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. இப்போது அதே இல்லத்தில் மூன்று வருடப் படிப்பில் இருக்கிறேன். யன்னலுக்கு வெளியே பார்க்க நேரம் கிடைப்பதில்லை. சான்றிதழ் வந்த அன்று தொட்டு எங்கள் வீட்டில் எந்தக் கடிதமும் மணந்து பார்க்காமல் பிரிக்கப்படுவதில்லை. ஆஸ்பத்திரிக் கடிதம், கோயில் நோட்டீஸ், கலியாணக் கார்ட் எல்லாம் இவரே மணந்து தீர்ப்புச் சொல்லுவார். வரிக் கந்தோர்க் கடிதம் வந்தால் மட்டும் பிரிக்காமல் என்னிடம் நீட்டுவார்.

"இது நீர் பாரும். பேப்பர் உம்மட்டைத்தானே இருக்கு."