கையெழுத்தைக் கேட்காத கண்டக்டர்

எல்லாரும் சௌக்கியம்தானே? முழங்கால் மடங்குகிறதா? நல்லாத் தூக்கம் வருகிறதா? சந்தோஷம், சாய்ந்து உட்காருங்கள். நம்ம கண்டக்டருக்குத்தான் நாலு நாளாகத் தூக்கமே இல்லை.

முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்ற மனுஷன். அவர் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு ஒரு வருஷம் தங்கிப் படிக்கும் திட்டத்தில் போய் வந்தாள். அனுப்ப மாட்டேன் என்று மல்லுக்கு நின்றவர் இவரேதான். அந்தத் திட்டத்தின் தொண்டர் அம்மாள் ஒருத்தி குடையும் கையுமாக ஒன்பது தடவை மாடியேறி வந்து அவர் மனசைக் கரைத்தாள். அந்த நன்றிக்கடனுக்காக இப்போது இவரும் தொண்டர்.

இந்த வருஷம் ஊருக்கு ஒரே ஒரு இடம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் வராவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். பள்ளியில் கை தூக்கி ஃபாரம் வாங்கிக்கொண்டவள் பேக்கரிக்காரம்மாவின் மகள் ஒருத்திதான். அம்மாவின் கையெழுத்து வேண்டும்.

தொண்டர்களுக்குப் பயிற்சியில் ஒரு விதி சொல்லியிருந்தார்கள்: பெற்றோரிடம் கையெழுத்தைக் கேட்கவே கூடாது. கேள்விக்குப் பதில் மட்டும் சொல்ல வேண்டும். கண்டக்டர் விதியை மீறாதவர்.

திங்கள்கிழமை கடைக்குப் போனார்.

"காலைல அங்க யாரு எழுப்புவாங்க அண்ணே?" என்றாள் பேக்கரிக்காரம்மா.

"யாரும் எழுப்ப மாட்டாங்கம்மா."

ரொட்டித் தட்டு அவள் கையில் அப்படியே நின்றது. "யாருமேவா?"

கண்டக்டர் நழுவினார்.

மறுநாள் சமாளிக்க ஒரு போட்டோவோடு வந்தார். "பாருங்கம்மா, தனி ரூம். உள்ள தாப்பாள்கூட இருக்கு."

"தாப்பாள் போட்டுக்கிட்டா?"

"ஒருத்தரும் தட்ட மாட்டாங்க!"

அவள் மாவு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

"போச்சு! பொண்ணைப் பூட்டி வைப்பாங்கன்னு நெனச்சுட்டாங்க," என்று வீட்டில் புலம்பினார்.

"உங்களை யாரு தாப்பாளைப் பத்திப் பேசச் சொன்னது? நாளைக்கு நானும் வர்றேன்," என்றாள் மனைவி.

வந்தாள். வந்து, மூச்சு விடாமல் பேசினாள். "சாப்பாட்டுக்குக் கவலையே வேணாம்மா. சமைச்சுத் தட்டுல போட்டுக் கையிலயே குடுத்துருவாங்க. எங்க பொண்ணு ஒரு கரண்டி கழுவல. வீட்டு ஞாபகமே வரலைன்னா பாத்துக்கோங்களேன்!"

கண்டக்டர் மனைவியின் காலை மிதித்தார். அதற்குள் பேக்கரிக்காரம்மா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்ததும், "இன்னொரு ஃபாரம் இருக்கா அண்ணே?" என்றாள்.

"ஏம்மா, முன்ன குடுத்தது?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். கண்டக்டர் அடுப்பை எட்டிப் பார்த்தார். ஃபாரத்தை அடுப்பில் போட்டுவிட்டாளா? இன்னொன்றைக் கொடுத்தார். வாசலில், "வாயே திறக்காம இருந்திருக்கலாம்," என்றார்.

"யாரு, நீங்களா நானா?"

"ரெண்டு பேருமே."

வெள்ளிக்கிழமை, மணி நாலு ஐம்பது. பள்ளி அலுவலக அறையில் கண்டக்டர் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார். மகள்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஒரு கையில் உறை, மறு கையில் சூடான ரொட்டி.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க மாமா. ரொம்ப தேங்க்ஸும் சொல்லச் சொன்னாங்க."

குடைக்காரம்மாளை மனசுக்குள் கும்பிட்டபடி கண்டக்டர் உறையைப் பிரித்தார். போட்டோவில் பேக்கரிக்காரம்மா, புருவத்தில் மாவோடு. வயது: நாற்பத்து மூன்று. போக விரும்பும் காரணம்: 'ஒரு வருஷம் யாரும் எழுப்பாம தூங்கணும்.'

"அடக் கடவுளே! பதினெட்டு வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்களேம்மா! இருந்த ஒரு எடமும் போச்சே!"

"போகல மாமா. அடியில என் ஃபாரம் இருக்கு பாருங்க. நீங்க கடைக்கு வர்றதுக்கு முந்தியே அம்மா அதுல கையெழுத்துப் போட்டுட்டாங்க. உங்ககிட்ட கேட்டதெல்லாம் அவங்களுக்காக!"

உங்கள் வீட்டில் யாருக்கு அந்த இரண்டாவது ஃபாரம் தேவைப்படும்? கேட்டுப் பார்த்து, என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் எழுதிப் போடுங்கள்.