பாதிக் கடல் அண்ணன்

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள் நான். பெட்டிகளில் லேபிள் ஒட்டுவதுதான் வேலை. பத்திரிகைக்கு எழுத வந்ததைப் பெரிய மனது வைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். பினாங்குக் கடலைத் தனி ஆளாக இரண்டாகப் பிரித்த மனிதரைப் பற்றி யாருமே எழுதவில்லை என்பதால்தான் துணிந்தேன்.

அவர் கடலுக்கு அந்தப் பக்கம், பிறையில் இருக்கும் எங்கள் கம்பெனியில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரே ஃபெரியில் போய் வருவோம். சாயங்காலம் திரும்பும்போது, எதிர் ஃபெரி எங்களைத் தாண்டும் இடம்தான் அவருக்குப் பாதிக் கடல். அங்கே கம்பெனி அட்டையைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடுவார். அதற்கப்புறம் யாராவது வேலையைப் பற்றி வாய் திறந்தால், "அது அந்தப் பக்கத்துப் பேச்சு லா, தண்ணியில போட்டுடு" என்பார்.

ஒருநாள் எங்கள் மானேஜரே ஃபெரியில் ஏறிவிட்டார். "நாளைக்கு ரெண்டு கன்டெய்னர்" என்று மலாயில் ஆரம்பித்தார். அண்ணன் மரியாதையாக எழுந்து நின்று, "மன்னிக்கணும், உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்றார், அதே மலாயில். மானேஜர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

காலையில் இதே சட்டம் தலைகீழ். பாதி தாண்டிவிட்டால் வீட்டுப் போனை எடுக்க மாட்டார். "நான் என்ன, பாதிக் கடலுக்கு மட்டும் பொண்டாட்டியா?" என்று அவர் மனைவி, எங்கள் அக்கா, கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

போன மாதம் அவர்கள் மகளுக்குப் பிரசவ வலி வந்தது. அக்கா அவரை அழைக்கவில்லை. என்னை அழைத்தார். "அவரு எடுக்க மாட்டாரும்மா. ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரில, அப்பா வந்தாத்தான் பிரசவ ரூமுக்குள்ள போவேன்னு இவ அழுவுறா."

கம்பெனியில் நான் யாரிடமும் சத்தமாகப் பேசியதே இல்லை. ஓடிப்போய் ஃபோர்க்லிஃப்டுக்கு முன்னால் நின்றேன்.

"அண்ணே, வீட்டுல இருந்து..."

"தங்கச்சி, நாம இன்னும் இந்தப் பக்கம்தான் லா இருக்கோம்."

"மகளுக்கு வலி எடுத்துடுச்சு. எறங்குங்க அண்ணே."

கிடங்கே திரும்பிப் பார்த்தது. தூக்கிய பெட்டிகளை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத்தான் இறங்கினார். ஆனால் வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு ஓடினார். சூப்பர்வைசர் என்னையும் கூடவே அனுப்பிவிட்டார்.

கிராப் வாடகைக் கார்க்காரர், "பாலத்துல போனா சீக்கிரம்" என்றார்.

"வேணாம். பாலத்துல எனக்குப் பாதி தெரியாது. ஃபெரிக்கே விடு."

ஃபெரியில் அவர் உட்காரவே இல்லை. தலையில் மஞ்சள் தொப்பி, கழுத்தில் அட்டை. எதிர் ஃபெரி தாண்டிப் போனது. அவர் அட்டையைத் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து மானேஜரின் போன் வந்தது. அண்ணன் எடுத்துவிட்டார்.

"சாவி எங்கே? கன்டெய்னர் வந்து நிக்குது."

அண்ணன் பாக்கெட்டைத் தடவினார். ஃபோர்க்லிஃப்ட் சாவி அங்கேதான் இருந்தது. "இன்னொரு சாவி மருந்துப் பெட்டில, பஞ்சுக்கு அடில இருக்கு பாஸ். நான் தாத்தாவாகப் போறேன் பாஸ்."

மானேஜர் சிரிப்பது எனக்கே கேட்டது. அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இது எந்தப் பக்கத்துப் பேச்சு?"

"தெரியலண்ணே. நீங்க உட்காருங்க."

ஆஸ்பத்திரியில் மகள் உள்ளே போகும் முன் அண்ணன் அவள் கையைப் பிடித்துவிட்டார். பேத்தி பிறந்தாள். "முதல்ல அந்தத் தொப்பியக் கழட்டுங்க, புள்ள பயந்துடும்" என்றார் அக்கா.

மறுநாள் காலை ஏழு மணி ஃபெரியில் என் பக்கத்தில் அவருக்கு இடம் போட்டு வைத்திருந்தேன். வந்து உட்கார்ந்தார். பாதி தாண்டியதும் வீட்டிலிருந்து போன் வந்தது. எடுத்துப் பேசினார்.