கனகசிங்கத்தாரின் நாலாவது விண்ணப்பம்

கனகசிங்கத்தாரின் விண்ணப்பம் மூன்றாவது முறையாகவும் திரும்பி வந்தது. முதலில் எழுத்து கோணலாம். அடுத்ததில் ஓரத்தில் இடம் விடவில்லையாம். இந்த முறை, கையால் எழுதியதை இனி எடுப்பதில்லை, கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டு வா என்று மட்டக்களப்பு அரசாங்கக் கந்தோரில் பெரிய அதிகாரி ஐயா சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நாலு மணி கடைசி.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, சண்டைக் காலம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் யூரியா கொண்டுபோவதென்றால் அந்தக் கந்தோரின் அனுமதி வேண்டும். யூரியாவில் குண்டு செய்யலாமாம். கனகசிங்கத்தாருக்கு அதில் நெல்லு மட்டும்தான் செய்யத் தெரியும். அவர் செயலாளராயிருந்த கமக்காரர் சங்கத்தின் வயல் வட்டை முழுக்கப் பயிர் பசளையில்லாமல் மஞ்சளாய் நின்றது.

வியாழன் காலை மண்முனைத் துறையில் தோணியேறிக் காத்தான்குடிக்குப் போனார். வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஸஹீதா, அவர் சொல்லச் சொல்லத் தமிழில் அடித்தாள். திரையில் விண்ணப்பம் கல்யாணக் காகிதம் போல வடிவாக நின்றது. அச்சடிக்கக் கொடுத்தாள். பிரிண்டர் ஒருக்கா முனகிவிட்டுச் சும்மா இருந்தது.

"பிரிண்டர் எங்கட அவர் சவூதியால அனுப்பினது, புதுசு. கம்ப்யூட்டர் பழசு. ரெண்டும் ஒண்டோட ஒண்டு கதைக்கிறல்ல, அண்ணன்" என்றாள்.

"ஒரே மேசையிலதானே மகள் கிடக்கு?"

ஸஹீதா வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். அதன்பிறகு பிரிண்டர் முனகுவதையும் விட்டுவிட்டது. கடைசியில் விண்ணப்பத்தை ஒரு பிளொப்பியில் ஏற்றி, பட்டணத்தில் கடை வைத்திருக்கும் தன் மச்சான் அஹமட்டிடம் அவரை அனுப்பினாள்.

அஹமட்டின் பிரிண்டர் நன்றாகவே ஓடியது. வந்த தாளில்தான் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகள் கண்டபடி கிடந்தன, இடையிடையே அரைப்புள்ளிகள். விளங்கக்கூடியதாக 400 மூடை என்பதில் அந்த 400 மட்டும் தப்பியிருந்தது. ஸஹீதாவின் தமிழ் எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, அதனால்தான் இப்படி என்றான் அஹமட். தன்னிடமிருந்த வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டான். இப்போது தாள் முழுக்கத் தமிழ்தான். ஆனால் 'மதிப்புக்குரிய ஐயா' இருக்க வேண்டிய இடத்தில் ஐயாவின் தாயாரைப் பற்றி ஏதோ வந்திருந்தது.

"இத மட்டும் குடுத்திராதீங்க" என்று அஹமட் அதைக் கிழித்துப் போட்டான்.

திரும்பவும் காத்தான்குடி. ஸஹீதா தன் தமிழ் எழுத்துருவை அதே பிளொப்பியில் ஏற்றிக் கொடுத்தாள். வரும் வழியில் சென்றியில் நின்ற சிப்பாய் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கடிதம் எங்கே என்று கேட்டான். உள்ளே இருக்கிறது என்றார் கனகசிங்கத்தார். சிப்பாய் தகர மூடியை இழுத்துவிட்டு, உள்ளே விரலை விட்டுத் தேடினான்.

அஹமட்டின் கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு அந்தப் பிளொப்பியை ஏற்கவில்லை. மணி மூன்றரை; புதிதாக அடிக்கவும் நேரமில்லை. மேசையில் மிஞ்சிக் கிடந்தது அந்த அரைப்புள்ளித் தாள் மட்டும்தான். இன்றைய திகதியிலாவது பதிந்து வைப்போம், திங்கட்கிழமை போய்ச் சமாதானம் சொல்லலாம் என்று அதன் அடியிலேயே கையெழுத்துப் போட்டு, சங்க முத்திரையைக் குத்தினார். கந்தோரில் பியோன் சீனித்தம்பி அதை வாங்கித் திகதி அடித்து உள்ளே கொண்டுபோனான்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பயம் பிடித்தது. இரகசிய பாசையில் எழுதினான் என்று பிடித்துக்கொண்டு போனால்? திங்கட்கிழமை போகக் கால் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, உடனே வரட்டாம் என்று கந்தோரிலிருந்து ஆள் வந்தது. மனைவி அன்னப்பூரணி ஒரு பையில் சாரனும் துவாயும் வைத்துக் கொடுத்தாள்.

ஐயா எழும்பி நின்று கதிரையைக் காட்டினார். தேத்தண்ணி வந்தது. நானூறு மூடைக்கும் அனுமதிக் கடதாசி, ஐந்து அதிகாரிகளின் கையெழுத்தோடு. விண்ணப்பத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்த கனகசிங்கத்தாருக்குப் பொறுக்கவில்லை. இது எப்படி நடந்தது என்று வாசலில் நின்ற சீனித்தம்பியிடம் மெதுவாகக் கேட்டார்.

"மத்தச் சங்கங்கள்ற விண்ணப்பமெல்லாம் பிழை எண்டு திரும்பிப் போயிற்று, அண்ணன்" என்றான் அவன். "உங்கடதில மட்டும் அஞ்சு பேர் பாத்தும் ஒருத்தராலயும் ஒரு பிழை பிடிக்க ஏலாமப் போச்சு."