மாஸ்டர் தட்டுக் கீரை

"இன்னிலேர்ந்து இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை என் கன்ட்ரோல்ல இருக்கும்" என்று டிரைவிங் மாஸ்டர் அறிவித்தபோது, அவர் மனைவி ஒரு பள்ளிச் சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலிலேயே மாஸ்டர் உஷாராகியிருக்க வேண்டும். எட்டு வருஷக் குடித்தனத்தில், அவள் எதிர்த்துப் பேசிய விஷயங்களில் எப்போதாவது அவர் ஜெயித்ததுண்டு. அவள் தலையாட்டிய விஷயங்களில் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. ஆனால் மனுஷர் அன்றைக்குப் பயந்துபோயிருந்தார். பயம் வந்தால் அவருக்குக் குரல் பெரிதாகிவிடும்.

பயத்துக்குக் காரணம் அவருடைய ஒரே மகள். ஆறு வயசு. வீட்டில் பேர் வாண்டு. மாடிப்படியில் அப்பாவோடு போட்டி போட்டு ஓடி, கதவை முதலில் தொட்டுவிட்டு அவரைக் கேலி பண்ணுகிற பிள்ளை. கொஞ்ச நாளாகப் பாதிப் படியில் உட்கார்ந்து, "நீ போப்பா, நான் அப்புறமா வரேன்" என்கிறாள். வகுப்பில் மேசைமேல் தலைவைத்துத் தூங்குகிறாள் என்று டீச்சரும் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று காலை ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, வாண்டுவின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது.

"ரத்தத்துல இரும்புச்சத்து கம்மியா இருக்கு. சிரப் எழுதறேன். ஆனா அது மட்டும் போதாது. கீரை, பருப்பு, முட்டை தினமும் உள்ள போகணும். கூடவே ஒரு ஆரஞ்சு. சாப்பாட்டோட டீ குடுக்காதீங்க. இப்ப என்ன சாப்பிடறா?"

"பிரட்டும் ஜாமும்" என்றாள் மனைவி. "அப்புறம் அவங்கப்பா வாங்கிட்டு வர்ற சிப்ஸ்."

டாக்டரம்மா மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க கீரை சாப்பிடுவீங்களா சார்?"

மாஸ்டர் சுவரில் தொங்கிய எலும்புக்கூடு படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"பிள்ளைங்க நாம சொல்றத சாப்பிடாது. நாம என்ன சாப்பிடறோமோ அதைத்தான் சாப்பிடும். எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரே சாப்பாட்ட சாப்பிடுங்க."

அதனால்தான் இந்த அறிவிப்பு. மாஸ்டரின் கணக்கு எளிமையானது. பிரேக்குக்கும் கிளச்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் வருகிறவர்களை எல்லாம் லைசென்ஸ் வாங்க வைத்தவர் அவர். ஒரு சின்ன வாயைத் திறக்க வைக்க முடியாதா?

முதல் நாள் இரவு வாண்டுவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அவசரப்படக் கூடாது. ஸ்பூன எடு. நேரா பாரு. மெதுவா கொண்டா. இப்ப வாயைத் திற."

ஸ்பூன் வந்தது. வாய் திறக்கவில்லை. மாஸ்டரின் கால், மேசைக்கு அடியில் இல்லாத பெடலை மிதி மிதியென்று மிதித்தது.

"நீ மொதல்ல சாப்பிடு" என்றாள் வாண்டு. "அப்புறம் நான்."

இங்கேதான் வினை. மாஸ்டருக்கும் கீரைக்கும் ஜென்மப் பகை. மாடு தின்கிறதை மனுஷன் ஏன் தின்ன வேண்டும் என்பது அவர் கட்சி. இருந்தாலும் பெற்ற கடனுக்கு ஒரு ஸ்பூனை வாயில் போட்டார். போட்டதைக் கன்னத்தில் ஒதுக்கினார். "போன் அடிக்குது" என்று சைகை காட்டிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். அங்கே துப்பப் போகும் நேரத்தில் பக்கத்தில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தால், கன்னம் உப்பிப்போய் வாண்டு வரிசையில் நிற்கிறாள்.

டவல் எடுத்துக்கொண்டு வந்த மனைவி இருவரையும் பார்த்தாள். "குழாயத் திறந்து விட்டுத் துப்புங்க. அடைச்சுக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மாஸ்டருக்கு நல்ல காலம் பிறந்தது. அதாவது அப்படித்தான் அவர் நினைத்தார். மனைவி தண்ணீர் எடுக்க உள்ளே போன சமயம், தன் தட்டிலிருந்த கீரையை ஓரமாக ஒதுக்கி அதன்மேல் ரொட்டியை மூடினார். வாண்டு பார்த்துவிட்டாள்.

"ஒனக்கு வேண்டாமாப்பா?"

"உஷ். அம்மா காதுல விழுந்தா தொலைஞ்சேன்."

வாண்டுவின் கண் விரிந்தது. அப்பா மாட்டிக்கொள்ளப் போகிறார் என்பதே அவளுக்கு ஒரு விளையாட்டு. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். ரொட்டியைத் தூக்கினாள். ஒரு கிள்ளுக் கீரையை எடுத்து வாயில் போட்டு மூடிக்கொண்டாள்.

மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் குரலைத் தாழ்த்தி, "திருடினா ஒளிச்சு வெக்கக் கூடாது. நல்லா மென்னு முழுங்கிடணும். அப்பத்தான் மாட்டிக்க மாட்டோம்" என்றார்.

மென்று முழுங்கினாள். இன்னொரு கிள்ளும் எடுத்தாள்.

அன்றிலிருந்து அந்த மேசையில் தினமும் திருட்டு நடந்தது. அம்மா முதுகைக் காட்டினால் அப்பா தட்டு காலி. அம்மாவும் வசதியாக அடிக்கடி முதுகைக் காட்டினாள். உப்பு எடுக்கப் போவாள். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போவாள். "யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கே" என்று வாசலுக்குப் போய் நிற்பாள். மாஸ்டர் தட்டில் கீரையோடு பீன்ஸ் சேர்ந்தது, வேகவைத்த பயறு சேர்ந்தது, கேரட்டும் சேர்ந்தது. எல்லாம் போயிற்று. அவருக்கு உயிரான அவித்த முட்டையும் போயிற்று. திருட்டுக் கைக்கு எது அப்பாவுக்குப் பிடித்தது என்றெல்லாம் தெரியாது. மகளுக்காக அந்தத் தியாகத்தையும் செய்துவிட்டு, அவர் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தோய்த்து வயிற்றை ரொப்பிக்கொண்டார். குழம்பு அப்போது ஒரு தினுசான பச்சையில் வந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, "வாசனைக்குக் கொத்தமல்லி போட்டேன்" என்றாள் மனைவி. வாசனை நன்றாகத்தான் இருந்தது. கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சந்தோஷத்தை எத்தனை நாள் அடக்குவது? அவரிடம் கார் கற்றுக்கொள்ள வந்த வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாளிடம், ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"பாவம், உங்க வீட்ல அவங்களுக்குத் தெரியவே தெரியாதா மாஸ்டர்?"

"எப்படித் தெரியும்? இப்ப இந்த வண்டிய நீங்க ஓட்டறதாத்தானே நெனச்சுட்டிருக்கீங்க? இங்க என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு பாருங்க. வீட்லயும் அப்படித்தான். அவ ஓட்டறதா அவ நெனச்சுக்கட்டும்."

அந்த அம்மாள் கண்ணாடியைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், வண்டியைப் பின்னால் எடுத்தார். அவரும் கல்யாணமானவர்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா வாண்டுவின் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லா சிவந்திருக்கு" என்றார். ரிப்போர்ட்டும் அதையே சொன்னது. வாண்டு அதைக் கேட்க அங்கே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தாள், நர்ஸ் ஒருத்தர் பின்னால் துரத்திக்கொண்டிருந்தார். மாஸ்டர் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார். மனைவி அதற்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தையல் மிஷின் பக்கத்தில் போய் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு விஷயம் சொல்லுவேன். நீ கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"இந்த மூணு மாசமா உன்னை நல்லா ஏமாத்திட்டேன். என் தட்டுல நீ வெச்ச கீரைல ஒரு இலை நான் சாப்பிடல. அத்தனையும் வாண்டு திருடித் தின்னது. ஐடியா என்னுது."

மனைவி பல்லால் நூலைக் கடித்தாள். "அது அவ பங்குதாங்க."

"எது?"

"உங்க தட்டுல வெச்சது. அவ தட்டுல வெச்சா தொடமாட்டா. உங்க தட்டுல இருக்கற எதையாவது அவ விட்டு வெச்சிருக்காளா? அதான் அங்க வெச்சேன்."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. "நீ... தண்ணி எடுக்கப் போனியே?"

"தண்ணி ஜக்கு மேசைமேலயே இருந்துச்சு. நீங்க கவனிக்கல."

"வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு?"

"யாரும் கூப்பிடல."

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மானத்தில் மிச்சம் ஏதாவது தேறுமா என்று பார்த்தார். "சரி, போகட்டும். பிள்ளை தேறினா சரி. ஆனா என்னை உன்னால கீரை திங்க வெக்க முடியல பாத்தியா?"

"குழம்பு எப்படிங்க இருந்துச்சு?"

"அது கொத்தமல்லி."

"கொத்தமல்லி ரெண்டு காம்பு. மிச்சமெல்லாம் அரைச்ச கீரை. ரொட்டி மாவுல பருப்பு. இதுக்கு முன்னாடி மத்தியானமானா வண்டியிலயே கொட்டாவி விட்டுட்டிருந்தீங்க, இப்ப விடறதில்ல. உங்க பேன்ட்ட ரெண்டு தடவ பிடிச்சுத் தெச்சேன், எதுக்குன்னு நீங்க கேக்கவே இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் மிஷினை நிறுத்தினாள். "சொன்னா சாப்பிட்டிருப்பீங்களா? வாக்குவாதம்தான் வந்திருக்கும். அவ இமையப் பாத்ததுலேர்ந்து எனக்கு ராத்தூக்கமே இல்ல. உங்களோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல."

மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெருமையை வெளியில் காட்டினால் வீட்டுத் தலைவர் பதவி என்ன ஆவது? எழுந்து நின்றார். குரல் தானாகப் பெரிதாயிற்று.

"இதோட சரி. இனிமே என்னை ஏமாத்த முடியாது. இந்த வீட்டுக்குள்ள என்ன காய் வருது, என்ன கீரை வருதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நாளைலேர்ந்து நானே கடைக்குப் போறேன். ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பாத்து நானே வாங்கிட்டு வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து காய்கறிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர் இதைச் சொன்னார். மனைவி தைத்து முடித்த சட்டையை உதறி மடித்தாள்.

"பையைக் காலையிலயே உங்க வண்டிப் பின்சீட்டுல வெச்சுட்டேங்க."