பன்னிரண்டு வீட்டுக்கும் சைபர்

"எங்க வீட்டுல நெட்டே கிடையாது தம்பி," என்றாள் ஹஜ்ஜா இன்சாஃப். அவள் கையிலிருந்த போன் திரையில், குவைத்திலிருக்கும் மகன், "யாரும்மா வாசல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ரஃபத் போனையே பார்த்தான். அவள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"அது சும்மா, போட்டோ."

"போட்டோ பேசுமா ஹஜ்ஜா?"

"அவன் சின்ன வயசுலேருந்தே வாயாடி."

கதவு சாத்திக்கொண்டது. கெய்ரோவில், ஷுப்ராவின் அந்தக் கட்டடத்தில் இது பன்னிரண்டாவது வீடு, பன்னிரண்டாவது 'இல்லை'. எந்த நாட்டில் எத்தனை வீட்டுக்கு நெட், கம்ப்யூட்டர் என்று உலகத்தையே வரிசைப்படுத்தும் கணக்கெடுப்பில் ரஃபத் தற்காலிக ஆள். இன்று ஐந்து மணிக்குள் இந்தக் கட்டடத்தை முடித்து அனுப்பினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாமனார் கடையில் கோழி உரிக்க வேண்டியதுதான்.

ஒரே இணைப்பு வாங்கி, கம்பெனிக்குத் தெரியாமல் வயர் இழுத்து, கட்டடமே பங்கு போட்டிருக்கிறது. அது ஊரறிந்த விஷயம். காகிதமோ டேப்லெட்டோ எடுத்து வருகிறவன் எவனாயிருந்தாலும் டெலிபோன் கம்பெனி ஒற்றன்தான் என்பது இவர்கள் முடிவு. என்ன சொல்லித் தொலைப்பது!

கணக்கை அனுப்பியதுமே மேலதிகாரி நஜ்வா போனில் கத்தினாள். "பன்னிரண்டு சைபரா? காபி கடையில உக்காந்து எழுதினியா? பின் தெருவுலதான் இருக்கேன், நானே வந்து எண்ணவா?"

"வேணாம் மேடம், மறுபடி கேக்கறேன்."

இந்த முறை மாடிப்படியில் நின்று உரக்கச் சொன்னான். "ஜனங்களே! எல்லாரும் இல்லைன்னு சொன்னா, உலகப் பட்டியல்ல நம்ம நாடு மொரோக்கோவுக்குக் கீழ போயிடும்!"

அவ்வளவுதான், பன்னிரண்டு கதவும் திறந்தன.

"மொரோக்கோவுக்குக் கீழயா? எனக்கு அஞ்சு கம்ப்யூட்டர் எழுது!"

"எனக்கு எட்டு!"

"என் மைக்ரோவேவையும் சேர்த்துக்க தம்பி, அதுலயும் பட்டன் இருக்கு," என்றாள் ஹஜ்ஜா.

நஜ்வா மறுபடி கூப்பிட்டாள். "பன்னிரண்டு வீட்டுல எழுபத்தொரு கம்ப்யூட்டரா? அது வீடா, விண்வெளி நிலையமா? மணி நாலரை, ரஃபத்!"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே வாட்ச்மேன் சப்ரியிடம் போனான்.

"சப்ரி, அந்த நெட் பெட்டி எங்க? எத்தனை வயர் போகுதோ அத்தனை வீடுன்னு எழுதிட்டுப் போயிடறேன். உன்னைக் கும்பிடறேன்."

"எந்தப் பெட்டி?" என்றபடியே சப்ரி கைக்குச் சிக்கிய வயரையெல்லாம் பிடுங்கினான். பெட்டியின்மேல் உட்கார்ந்து, கணுக்கால்வரை தொங்கும் கல்லாபியா அங்கியை விரித்து மூடிக்கொண்டான். "பாருங்க சார், ஒண்ணுமில்ல."

மேலே ஒரே கூச்சல். காய்கறி வாங்க இறக்கும் கூடைகள் பால்கனிகளிலிருந்து கயிற்றில் சரசரவென்று இறங்கின. ஒரு கூடையில் போன், ஒன்றில் லேப்டாப், ஹஜ்ஜாவின் கூடையில் அவள் வீட்டு நெட் பெட்டியே, விளக்கணைந்து கிடந்தது.

"வந்தவன் நெட்டை அறுத்துட்டானே! என் புள்ளை பாதிப் பேச்சுல போயிட்டான்! சரி பண்ணுடா!"

"இல்லாத நெட்டை எப்படி ஹஜ்ஜா அறுக்க முடியும்?"

"இப்ப அதுவா முக்கியம்?"

மணி நாலு ஐம்பது. போதும் சாமி. இப்போது யாருக்கும் நெட் இல்லை, சத்தியமாகவே இல்லை. ரஃபத் பன்னிரண்டு சைபரையும் மனசாட்சியோடு எழுதி, அனுப்பும் பட்டனை அழுத்தினான். போகவில்லை. மறுபடி அழுத்தினான். ஊஹூம்.

நஜ்வாவைக் கூப்பிட்டான். அவள் குரலே மாறியிருந்தது.

"எதையும் அனுப்பாதே ரஃபத்! திடீர்னு இங்க ஆபீஸ் மொத்தமும் செத்துக் கிடக்கு. நாடு முழுக்கலேருந்து வர்ற கணக்கு எதுவும் உள்ள வரல. என்ன எழவுன்னே தெரியல!"

ரஃபத் போனைக் காதிலிருந்து மெதுவாக எடுத்தான். சப்ரி பெட்டியிலிருந்து எழுந்து, கையிலிருந்த வயர்க்கற்றையில் ஒன்றைத் தனியே பிரித்து நீட்டினான்.

"பதிமூணாவது வயர் பின் தெரு ஆபீசுக்குப் போகுது சார். மாட்டட்டுமா, இல்ல அவங்களுக்கும் சைபர்னே எழுதிக்கறீங்களா?"