தங்கள் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்வது குறித்து

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தாங்களும் அங்கு நலமாகவும் நிம்மதியாகவும் இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் தங்கள் மனைவி என் வீட்டில் இருக்கிறார். தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை மேலும் செழிக்கவும், ஊரார் கண்கள் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக மங்கவும் வேண்டுகிறேன்.

நிற்க. இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. தங்கள் மனைவியும், என் மனைவிக்கு அக்காவும், எனக்கு அண்ணியுமாகிய அம்மையாரைத் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரே ஒரு காலைப்பொழுது வேலையாக வந்தவர், மாதக்கணக்கில் இருக்கிறார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அண்ணி முதல் மூன்று நாள் விருந்தாக இருந்தார், அதன் பிறகு மருந்தாகிவிட்டார்.

தங்கள் போன கடிதத்தில், "அவள் அங்கே டெஸ்ட் எடுத்து எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டதாம், தங்கச்சிக்குத்தான் பாவம் ஏதோ கோளாறாம், அதனால் துணைக்கு இருக்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். படித்து மகிழ்ந்தேன். அண்ணி அந்த டெஸ்ட்டை எந்த ஊரில் எடுத்தார் என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் எடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா, வரப்போகிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற அந்தப் பரிசோதனையைத் தங்கள் ஊரில் செய்துகொள்ள அண்ணி மறுத்தது தங்களுக்குத் தெரியும். அங்கே அதைச் செய்கிற நர்ஸ் தங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாராம். "நாளைக்கு மாடிப்படியில எதிர வந்தா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நல்லா இருக்கீங்களான்னு கேக்கறது?" என்று அண்ணி கேட்டார். நியாயம்தான். ஆகவே யாருக்கும் முகம் தெரியாத எங்கள் ஊருக்கு வந்தார். என் மனைவி துணைக்குப் போனாள். நான் ஆட்டோ பிடிக்கப் போனேன். பிடித்த பிறகு, ஆட்டோவில் இடம் இருந்ததால் நானும் போனேன்.

பெண்கள் நல நிலையத்தின் கூடத்தில் நாற்காலிகளில் எல்லாம் பெண்களே உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் மீசை வைத்திருந்தேன். அங்கே டோக்கன் கொடுத்தார்கள். அண்ணி அதை வாங்கியதும் அவர் முகம் வெளுத்தது. "இதோ ஒரு வாய் டீ குடிச்சுட்டு வந்துடறேன்டி" என்று கைப்பையையும் டோக்கனையும் தங்கையின் மடியில் வைத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்!

ஏன் போனாள் என்று தாங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அக்கா தங்கை வழக்கமே அதுதானாம். பள்ளிக்கூடத்தில் அம்மை ஊசி போட வந்தால் அண்ணி பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடுவாராம், அவர் பெயரைக் கூப்பிட்டதும் என் மனைவி போய் ஒரு கை நீட்டுவாளாம், பிறகு தன் பெயரைக் கூப்பிடும்போது மறு கையை நீட்டுவாளாம். இப்படியே வளர்ந்தவள். உள்ளே போனதும் நர்ஸிடம், "எங்க அக்காவுக்குப் பதிலா வந்திருக்கேன்" என்று பணிவாகச் சொல்லியிருக்கிறாள். அந்த நர்ஸ் சிரிக்கக்கூட இல்லையாம். "அம்மா, ரேஷன் வேணா பதிலுக்கு வந்து வாங்கலாம். இது அப்படி முடியாது. சரி, உங்களுக்கு எப்ப பார்த்தது?" என்று கேட்டாராம். பார்த்ததே இல்லை என்றாளாம். மாதவிலக்கு நின்று வருஷக்கணக்காகிவிட்டது, எனக்கெதுக்கு என்றாளாம். "நின்னாலும் கருப்பை வாய் அங்கேயேதானேம்மா இருக்கு" என்றாராம் நர்ஸ். என்னென்ன செய்வார்கள் என்று விளக்கிச் சொல்லி, சம்மதமா என்று கேட்டபோது, இவ்வளவு தூரம் சொன்னவரிடம் வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை என்று தோன்றியதால் சரி என்றிருக்கிறாள். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் அசௌகரியம், ஒரு சின்னப் பிரஷ்ஷால் தொட்டு எடுத்தார்கள், அவ்வளவுதான், நெற்றிப் பொட்டை நேராக்கிக்கொள்கிற நேரம்கூட ஆகவில்லை என்றாள்.

இதற்கிடையில் அண்ணியைத் தேடிப் போன நான், எதிர்ச் சாரியில் ஒரு துணிக்கடையில் அவரைக் கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கிக்கொண்டிருந்தார். அளவு தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். அந்தத் திரை இப்போது ஜன்னலின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு தொங்குகிறது. சோபாவில் உட்காரும் என்னை எதிர்வீட்டார் முழுமையாகப் பார்க்கிறார்கள், நான் எழுந்தால்தான் எனக்கு மறைப்பு.

சில நாள் கழித்து நர்ஸ் போன் செய்தார். என் மனைவிக்குக் கருப்பை வாயில் எச்.பி.வி. என்கிற வைரஸ் இருக்கிறது, செல்களும் கொஞ்சம் மாறியிருக்கின்றன, டாக்டரம்மா பார்க்க வேண்டும், பதற வேண்டாம் என்றார். பதற வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகு பதறாமல் இருந்த மனிதனை நான் பார்த்ததில்லை. சகலை, உங்களிடம் சொல்வதற்கென்ன, பயந்துவிட்டேன். போனை வைத்துவிட்டு, அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோது போய் அடுப்பை அணைத்தேன். அவள் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

டாக்டரம்மா பொறுமைசாலி. இந்த வைரஸ் ரொம்ப சாதாரணம், கல்யாணமான முக்கால்வாசிப் பேருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது வந்து போகும், பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும், சிலரிடம் மட்டும் போகாமல் தங்கி வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல செல்களை மாற்றும், அப்படியே விட்டால்தான் புற்றாகும் என்றார். தங்கள் மனைவி என் வீட்டில் தங்கியிருப்பதால் இதை நான் சுலபமாகப் புரிந்துகொண்டேன். "இவளுக்கு வலியே இல்லையே டாக்டர்" என்றேன். "இந்தக் கட்டத்துல வலிக்காது சார். வலி, ரத்தப்போக்கு எல்லாம் வந்தப்புறம் வந்தா எனக்கும் கஷ்டம், அவங்களுக்கும் கஷ்டம்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டேன். லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன், பழுதென்றால் காரணம் கேட்டே பழக்கம். "உடலுறவு மூலமாத்தான் வரும். உங்ககிட்டயிருந்துகூட வந்திருக்கலாம். என்னைக்கு, யாரால வந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது, பல வருஷம் சத்தமில்லாம இருக்கும். இதுல ஒழுக்கத்தைத் தேடாதீங்க, பிரயோஜனம் இல்ல" என்றார். என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். அது கருப்பையின் படம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "வலிக்காத உடம்பை ஏன் கிளறணும்னுதானே நினைக்கிறீங்க?" என்று அவளே ஆரம்பித்தாள். "வேலையில இருந்த வரைக்கும், ஓடற லிஃப்ட்டை நிறுத்தி நிறுத்திக் கயித்தைப் பார்த்தீங்களே, ஏன் நிறுத்தறேன்னு கேட்டவங்களுக்கு என்ன பதில் சொன்னீங்க?" நான் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இருந்தது. கயிறு அறுந்த பிறகு பார்த்தால் அதற்குப் பெயர் பரிசோதனை இல்லை, பிரேதப் பரிசோதனை. அதை அப்போது வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், துளி சதை எடுத்து அனுப்பினார்கள், புற்று இல்லை, அதற்கு முந்தைய மாற்றம் என்று வந்தது, மரத்துப்போக ஊசி போட்டு மாறிய பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். அன்றே வீடு. வெளியே வந்தவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கேஸ் அடுப்பை மூடினீங்களா?" என்பது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூடவில்லை என்பது வேறு விஷயம். இனி அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் தங்கள் மனைவி. தன் டோக்கனில் தங்கை போனதால்தான் தனக்கு வர வேண்டிய நோய் அவளுக்கு மாறிப் போய்விட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டார். டாக்டரம்மாவே சொல்லியும் கேட்கவில்லை. அதற்குப் பரிகாரமாக என் வீட்டை நடத்துகிறார். தங்கை ஒரு டம்ளரை எடுக்க விடுவதில்லை. அவள் தூங்கும்போது எழுப்பி, நன்றாகத் தூங்கினாயா என்று கேட்கிறார். எனக்கு ஒரு வியாதியும் இல்லை, என் காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். இதைவிடக் கொடுமை லிஃப்ட். எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் எந்தப் பெண் ஏறினாலும் அண்ணியும் ஏறிக்கொள்கிறார். "முப்பது வயசாச்சா, டெஸ்ட் எடுத்தாச்சா? மாதவிலக்கு நின்னப்புறம் துளி ரத்தம் பட்டாலும், நடுவுல பட்டாலும், புருஷன்கூட இருந்தப்புறம் பட்டாலும், நாத்தத்தோட வெள்ளைப்பட்டாலும் டெஸ்ட்டுக்கு நாள் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காம ஓடு. பொண்ணு இருக்கா? ஒன்பது வயசுலேருந்தே இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கு, போட்டுடு. ஊசி போட்டிருந்தாலும் டெஸ்ட்டை விட்டுடாதே" என்று மாடிக்கு மாடி சொல்லுகிறார். சொல்லி முடியாவிட்டால் கதவைக் கையால் பிடித்து நிறுத்திக்கொள்கிறார். லிஃப்ட் கதவைக் கையால் நிறுத்துவது எத்தனை பெரிய தப்பு என்பது என் பேச்சு, யார் கேட்கிறார்கள்? ஆனால் மூன்றாம் மாடி டீச்சர் போய் டெஸ்ட் எடுத்துவிட்டார், ஏழாம் மாடித் தையல்காரம்மா மருமகளையும் சேர்த்துக் கூட்டிப் போய்விட்டார். "நீங்க எப்ப அண்ணி?" என்று கேட்டேன். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார். ஊருக்கு உபதேசம்.

நேற்று சமையலறையில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, சர்க்கரை டப்பாவைத் தேடி அந்தப் பக்கம் போனேன். "எனக்கு வர வேண்டியது உனக்கு வந்துடுச்சேடி" என்று அண்ணி அழுதார். என் மனைவி, "லூசாக்கா நீ? அது எத்தனை வருஷமாவோ எனக்குள்ள இருந்துச்சு. நீ ஓடிப்போனதாலதான் நான் உள்ளே போனேன். நீ நல்ல பிள்ளையா உக்காந்திருந்தா, எனக்கு இருக்கறதே தெரியாம நான் செத்திருப்பேன்" என்றாள். அண்ணி மூக்கைச் சிந்தினார். பிறகு என் மனைவியே, "இப்ப உனக்கு என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதை நான் போய்ப் பார்க்க முடியாதுக்கா. முடிஞ்சா போயிருப்பேன்" என்றாள். நான் சர்க்கரை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

ஆகவே சகலை, இந்த வீட்டில் ஒருத்தி பிழைத்ததே போதும், டெஸ்ட் எடுக்காத இன்னொருத்தரையும் வைத்துக்கொண்டு நெஞ்சில் கைவைத்துத் தூங்க என்னால் முடியாது. வந்து அழைத்துப் போங்கள், அந்த மேல்மாடி நர்ஸிடமே ஒப்படையுங்கள். ஊரார் கண்ணையெல்லாம் விளக்குப் போட்டுப் பார்க்கிறவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். பேத்திக்கு முத்தங்கள், கூடவே அந்தத் தடுப்பூசியும். அவளும் பெஞ்சுக்கு அடியில் புகுகிற ரகமென்றால் முன்கூட்டியே பெஞ்சை அப்புறப்படுத்தவும்.

இப்படிக்கு,
பாதி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து,
தங்கள் இளைய சகலை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம், அண்ணியை அழைத்துப் போகவும் வர வேண்டாம். தபாலில் போடலாம் என்று காலையில் இந்த உறையுடன் கிளம்பினேன், "நாங்களும் வர்றோம், ஆட்டோல இடம் இருக்குமா?" என்றார் அண்ணி. தபால் நிலையத்துக்குப் போகவில்லை. பெண்கள் நல நிலையத்தின் அதே கூடம், அதே நாற்காலிகள், அதே ஒற்றை மீசை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் பழக்கதோஷத்தில் என் மனைவி எழுந்துவிட்டாள். அண்ணி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்து, "இது என்னோடதுடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முடிவு வர நாளாகுமாம், அதுவரை அவர் இங்கேதான் இருப்பார், எத்தனை நாளானாலும் இருக்கட்டும். கடையைப் பூட்டிவிட்டு நீங்களும் வந்துவிடுங்கள். அவர் உள்ளே இருக்கும்போது அவர் கைப்பையை என் மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், சகலை. இதை வைத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்.