முழங்கால் சுவாமியின் நவரத்தினக் கட்டு

சாம்பல்தீவுக் கரைக்கு அந்த வாரம் மீன் வந்ததோ இல்லையோ, முழங்கால்கள் வந்துகொண்டே இருந்தன. நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வந்த முழங்கால்கள், குச்சவெளியிலிருந்து முச்சக்கரவண்டியில் வந்த முழங்கால்கள், கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வந்த முழங்கால்கள். சாதி மத பேதம் கிடையாது. நிற்க முடியவில்லை என்றுதான் அத்தனை பேரும் வைத்தியத்துக்கு வந்திருந்தார்கள். வந்தவர்கள் வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார்கள். சுவாமியின் முதல் அற்புதம் அதுதான்.

அவருடைய பெயர் டொக்டர் முழங்கால் சுவாமி. மேலே வெள்ளைக் கோட்டு, கீழே காவி வேட்டி. கழுத்தில் உருத்திராட்சமும் ஸ்டெதஸ்கோப்பும் ஒன்றையொன்று பின்னிக் கிடந்தன. ஸ்டெதஸ்கோப்பை முழங்காலில் வைத்துக் கண்ணை மூடுவார். உள்ளே இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதை வெளியே இருப்பவருக்கு எடுத்துச் சொல்வார்.

மருந்து ஒன்றுதான்: முழங்கால் கட்டு. அதில் வெள்ளி, தங்கம், நவரத்தினம் என்று மூன்று வகை. யாருக்கு எது பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? காலை அளந்தா? அது சாதாரண டொக்டர்மார் செய்கிற வேலை. சுவாமி காதைப் பார்ப்பார். காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தால் வெள்ளிக் கட்டு. சின்னத் தோடென்றால் தங்கக் கட்டு. கல்லு வைத்த தோடென்றால், நோய் முற்றிவிட்டது, நவரத்தினம்தான். கட்டுக்கு விலை கிடையாது, காணிக்கை மட்டுமே. காணிக்கைக்கு விலைப்பட்டியல் பக்கத்தில் தொங்கியது.

ஆறாம் நாள் அந்த வரிசையில் வல்லிபுரம் நின்றார். கரைவலைக் கயிறு இழுக்கிறவர். கயிற்றை இடுப்பில் போட்டுப் பின்னால் சாய்ந்து நடக்கும்போது அவருடைய இடது முழங்கால் நேராக நிற்பதோடு நில்லாமல் பின்பக்கமாக வளைந்துவிடும். போன வருடம் அப்படி வளைந்து அவர் விழ, அவர் மேல் ஆறு பேர் விழுந்தார்கள். வலைக்குள் இருந்த மீன்கள் மட்டும் விழாமல் போய்விட்டன.

"இன்னும் எட்டு நாளில முதல் வலை வளைக்கப் போறம், வல்லிபுரம்," என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தவராசா அன்று காலைதான் சொல்லியிருந்தார். "கால் நிண்டா கயித்துக்கு வா. இல்லாட்டி வேற ஆளைப் போடுவன். கோவியாதை."

தவராசாவுக்கும் ஒரு கவலை இருந்தது. கரையோரக் கொட்டிலான வாடியில் வைத்திருந்த ஒரு பெட்டி ஈயக்குண்டைக் காணவில்லை. வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயம். எங்கே போயிற்று என்று சுவாமியிடமே குறி கேட்டார். "வடக்கே போய்விட்டது," என்றார் சுவாமி. தவராசா புல்மோட்டை வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தார்.

வல்லிபுரத்தின் முறை வந்தது. சுவாமி ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். முகம் கறுத்தது.

"இந்தக் காலைப் பின்னால் இருந்து ஒருவர் இழுக்கிறார்."

கூட்டம் இன்னும் கிட்ட நெருங்கியது.

"ஈரமான கை... உன் தம்பி."

வல்லிபுரம் அழத் தொடங்கினார். சுனாமி வந்த காலையில் ஒரு கையால் பனையையும் மறு கையால் தம்பி ரிஷிகேசனையும் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். இரண்டாவது அலையில் தம்பியின் கை நழுவிப் போனது. அதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஏன் விட்டாய் அண்ணா என்று கேட்கிறான். நவரத்தினக் கட்டு ஒன்றுதான் அந்தக் கையை விடுவிக்கும்."

இந்தக் கரையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால், அது கடலுக்கு ஆள் கொடுத்த வீட்டின் கூரையில்தான் விழும். இதைக் கண்டுபிடிக்க ஞானக்கண் வேண்டாம். போதாக்குறைக்குச் சுவாமியின் கையாள் பிரகலாதன் வந்த நாளிலிருந்து தேத்தண்ணிக் கடையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தான். ஆனால் அழுகிற மனிதனுக்குத் தேத்தண்ணிக் கடை ஞாபகம் வருமா?

வல்லிபுரம் மனைவியைப் பார்த்தார். தங்கேஸ்வரி தோட்டைக் கழற்றத் தொடங்கினாள். இடது காதுத் தோட்டின் திருகு, அந்தச் சுரை, இறுகிக் கிடந்தது. நல்ல சுரை. அன்றைக்கு அந்தக் கரையில் புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

"அக்கா, என்ன செய்யிறீங்க?"

மீன் வாங்க வந்த றம்லாதான் கேட்டாள். நகரத்து ஆஸ்பத்திரியில் கால்கட்டுச் செய்கிற பகுதியில் பதினாலு வருடமாக வேலை. கையில் மீன்பை.

"அவருக்குக் கட்டு எடுக்கப் போறன், றம்லா. சுவாமி சோதிச்சுக் காட்டுறார். நீயே பாரன்."

சோதனை உண்மையிலேயே அருமையானது. பிரகலாதன் வல்லிபுரத்தின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முதுகுப் பக்கம் போய் நின்றான். சுவாமி சொன்னார்: "கட்டு இல்லாமல் முதலில். கால் இரண்டையும் சேர். விறைப்பாக நில். கண்ணை மூடு." பிரகலாதன் ஒரு இழுவை இழுத்தான். வல்லிபுரம் மல்லாந்து மணலில் கிடந்தார்.

"ஐயோ!" என்றது கூட்டம்.

பிறகு நவரத்தினக் கட்டைக் கட்டினார்கள். "இப்போது காலை அகட்டு. முழங்காலைக் கொஞ்சம் மடி. ஒரு காலைப் பின்னால் ஊன்று. கண்ணைத் திறந்து கடலைப் பார்." பிரகலாதன் முக்கினான், முனகினான், வியர்த்தான். வல்லிபுரம் அசையவில்லை.

"அற்புதம்!" என்றது கூட்டம். கை தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் கரைவலை இழுக்கிறவர்கள். காலை அகட்டி, முழங்காலை மடித்து, குதியை மணலில் புதைத்தால் மாடு கட்டி இழுத்தாலும் ஆள் அசையாது என்று பால்குடி மறந்த நாளிலிருந்து தெரிந்தவர்கள். தொழிலில் அதற்குப் பெயர் கால் ஊன்றுவது. வெள்ளைக் கோட்டுக்காரர் சொன்னால் அதற்குப் பெயர் அற்புதம்.

றம்லா மீன்பையைக் கீழே வைத்தாள்.

"சுவாமி, ஒரு சின்னச் சந்தேகம். இதையே மாத்திச் செய்து பாப்பமா?"

"எதை அம்மா மாற்றுவது?"

"அண்ணன் கட்டில்லாம கால அகட்டி நிக்கட்டும். பிறகு கட்டோட கால சேத்து நிக்கட்டும். இழுக்கிறது உங்கட ஆள்தான்."

"தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது!"

"தெய்வத்தை இல்ல சுவாமி. கட்டைத்தான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு, மூக்கொழுகும் தடிமன் மாதிரி, ஒருவருக்கு வந்தால் போதும். தவராசா கையை உயர்த்தினார்: "அவ கேக்கிறது ஞாயந்தானே? செய்து பாருங்கோ."

கட்டை அவிழ்த்தார்கள். வல்லிபுரம் காலை அகட்டி நின்றார். பிரகலாதன் இழுத்தான். இந்த முறை அவன் வியர்த்தது நடிப்பல்ல. வல்லிபுரம் அசையவில்லை. மறுபடி நவரத்தினத்தைக் கட்டி, காலைச் சேர்த்து, கண்ணை மூடி நின்றார். பிரகலாதன் தயங்கினான்.

"இழுடா!" என்றது கூட்டம்.

ஒன்பது கிரகங்களும் சேர்ந்து மல்லாந்து விழுந்தன.

"இவருக்கு நம்பிக்கை போதாது!" என்று சுவாமி கத்தினார்.

"அப்ப நம்பிக்கை நிறைய உள்ளவர் நீங்கள்தானே," என்றாள் தங்கேஸ்வரி. அவளுடைய கை இன்னும் தோட்டுச் சுரையில்தான் இருந்தது. "நீங்கள் கட்டிக்கொண்டு நில்லுங்கோ. நான் இழுக்கிறன்."

மறுக்க வழியில்லை. நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவாமி காவி வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு காலிலும் நவரத்தினம் பூட்டி, காலைச் சேர்த்துக் கண்ணை மூடினார். தங்கேஸ்வரி கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, குழந்தையின் தொட்டிலை ஆட்டுவது போல ஒரு சின்ன இழுவை இழுத்தாள்.

டொக்டரும் சுவாமியும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். ஒரு கட்டு தையல் விட்டு, உள்ளிருந்த நவரத்தினங்கள் மணலில் உருண்டன. சிவப்பு, பச்சை, நீலம். ஒன்று தவராசாவின் காலடிக்கு வந்தது. எடுத்தார். நகத்தால் சாயத்தைச் சுரண்டினார். கடித்துப் பார்த்தார்.

"அட அறுவானே! இது என்ர ஈயமெல்லோ!"

அதற்குப் பிறகு நடந்ததை முழுவதும் சொன்னால் நீளும். சுவாமி ஓடினார் என்பது மட்டும் போதும். ஓடும்போது அவருடைய முழங்கால்கள் இரண்டும் அருமையாக மடங்கின. பிரகலாதனைக் கரைவலை ஆட்கள் பிடித்து உட்கார வைத்து, காணிக்கைப் பெட்டியைத் திறந்து, தோடுகளை அந்தந்தக் காதுகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வல்லிபுரம் மட்டும் மணலை விட்டு எழும்பவில்லை. றம்லா அவர் பக்கத்தில் குந்தி, இடது காலைத் தூக்கிப் பிடித்து, முழங்காலின் பின்புறத்தை விரலால் அழுத்தினாள்.

"அண்ணே, உங்கட கால ஒருத்தரும் இழுக்கல்ல. பின்னுக்கு இருக்கிற நார் அறுந்து தளந்து கிடக்கு. அதுதான் முழங்கால் எல்லை தாண்டிப் போகுது. எப்ப இருந்து இப்படி?"

"சுனாமியில இருந்து."

"அண்டைக்கு என்ன செய்தனீங்க?"

அவர் மணலை ஒரு பிடி அள்ளி விட்டார். பிறகு சொன்னார். பனை, அலை, தம்பியின் கை. இருபது வருடத்தில் முதல் தடவையாக. தங்கேஸ்வரிக்கும் அது புதுக் கதை.

"அப்ப கேளுங்க," என்றாள் றம்லா. "சும்மா நிண்டா இந்த நார் அறாது. இந்தக் கால ஊண்டிக்கொண்டு உயிர் போற மாதிரி இழுத்தாத்தான் அறும். நீங்க விடல்ல அண்ணே. கால் அறுமட்டும் பிடிச்சிருக்கிறீங்க."

வல்லிபுரம் தன் முழங்காலை யாரோ புதிதாகக் கொண்டுவந்து தந்தது போலப் பார்த்தார். அதைத் தடவிக் கொடுத்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்று றம்லா மீன்பையை எடுத்தாள். "ரெண்டு பக்கமும் கீல் வச்ச கட்டு. முழங்கால் முழுக்க நிமிரக் கொஞ்சம் முன்னமே அந்தக் கீல் நிப்பாட்டும். தொடையில, கெண்டைக்கால்ல, ரெண்டு இடத்திலயும் அளவெடுக்கோணும். போட்டு நடந்து பாத்து, தோலில வெட்டினாச் சொல்லோணும், மாத்தித் தருவம். உடனே கயிறு பிடிக்க விடமாட்டம், முதல்ல தொடைக்குப் பயிற்சி. இதில அற்புதம் ஒண்டும் இல்ல."

"எட்டு நாளில வலை, றம்லா," என்றார் வல்லிபுரம்.

தவராசா ஈயக்குண்டுகளை இடுப்புச் சாரத்தின் மடியில் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "பயிற்சி முடியுமட்டும் நீ கயிறு சுருட்டடா. உன்ர இடத்தில நான் ஆள் போடமாட்டன். புல்மோட்டை வரைக்கும் ஈயம் தேடிப் போன மடையன் நான், உனக்குச் சட்டம் சொல்ல ஏலாது."

முதல் வலைக்கு வல்லிபுரம் கயிறு சுருட்டினார். இரண்டாம் மாதம் கயிற்றுக்கு வந்தார். பின்னால் சாய்ந்தார். முழங்கால் நிற்க வேண்டிய இடத்தில் கீல் 'டக்' என்று நின்றது. யாரும் கை தட்டவில்லை.

சுவாமி இப்போது வேறொரு கரையில் தோள்மூட்டுக்குக் கட்டு விற்கிறாராம். அங்கேயும் நீண்ட வரிசையாம். போகிறவர்கள் போங்கள். ஆனால் கட்டைக் கையில் வாங்குமுன், 'மாத்திச் செய்து பாப்பமா?' என்று ஒரு தடவை கேளுங்கள். முழங்கால் தன் எல்லையைத் தாண்டிப் பின்னால் வளைந்தால் அதற்குக் கட்டு இருக்கிறது. முதுகும் புத்தியும் சேர்ந்து வளைகிற நோய்க்கு எந்த ஆஸ்பத்திரியிலும் அளவெடுக்க மாட்டார்கள்.